ஆவாரங்குளம் ரோடு ஸ்டேஷன் சாந்தோமுக்கு வந்த கதை

எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்களுக்கு இந்தப் பனியில் எப்படி இருக்கிறது? குழந்தைகளுக்கு இருமல் நின்றதா? நின்றாலும் நிற்காவிட்டாலும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். உட்கார நேரமில்லாமல் அலைந்தவள் இந்தக் கதையில் வருகிற அல்போன்சா. அந்தக் கஷ்டம் நமக்கு வேண்டாம்.

1944-ஆம் வருஷம், ஜனவரிக் கடைசி. சாந்தோமிலிருந்து தி.நகருக்கு அல்போன்சா ஏறிய பஸ் கரிவாயு பஸ். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு வரும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். அன்றைக்குத் தேனாம்பேட்டையில் ஒரேயடியாக நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தாள். பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது அவள் தேடி வந்த ரயில்வே ஆபீஸ். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து கடற்கரைப் பக்கமிருந்து தூக்கி வந்த ஆபீஸ் அது. பயம் தெளிந்த பிறகும் மேஜைகளைத் திரும்பத் தூக்க யாருக்கும் தெம்பில்லை. அல்போன்சா அங்கே போவது ஐந்தாவது தடவை.

"மறுபடியுமாம்மா?" என்றார் குமாஸ்தா. எந்த ஸ்டேஷனுக்கு யாரை அனுப்புவது என்று எழுதுகிறவர் அவர்.

"மறுபடியும்தாங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா ரிலீவர் போட்டீங்களா?"

"யாரு உங்க வீட்டுக்காரர்?"

"அஞ்சு தடவை சொல்லிட்டேனே சார். ஆரோக்கியநாதன். ஆவாரங்குளம் ரோடு ஸ்டேஷன் மாஸ்டர்."

குமாஸ்தா ஒரு நீளமான பட்டியலை எடுத்துப் பென்சிலால் மேலிருந்து கீழே வந்தார். போன தடவையும் இப்படித்தான் வந்தார். "அந்தப் பேர்ல ஸ்டேஷனே இல்லையேம்மா. இல்லாத ஸ்டேஷனுக்கு ரிலீவர் எப்படிப் போடறது?"

"ஸ்டேஷன் இல்லைன்னா அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்."

"எந்த ஸ்டேஷன்லேருந்து அனுப்பறது?"

அல்போன்சா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. கோபம் இரண்டாவது தடவையோடு தீர்ந்துபோயிருந்தது.

நடந்தது இதுதான். வடாற்காட்டுப் பக்கம் ஒரு ஜங்ஷனிலிருந்து முப்பது மைல் உள்ளே போகிற கிளை லைன் ஒன்று இருந்தது. அதன் கடைசி ஸ்டேஷன் ஆவாரங்குளம் ரோடு. யுத்தத்துக்கு இரும்பு வேண்டும், கடல் தாண்டி எங்கோ பாலைவனத்தில் லைன் போட வேண்டும் என்று 1942-இல் அந்தத் தண்டவாளத்தையெல்லாம் பிடுங்க உத்தரவாயிற்று. அப்போது அல்போன்சா அங்கேதான் இருந்தாள். குண்டுக்குப் பயந்து மெட்ராஸே காலியானபோது, மகள் ஃப்ளோரன்ஸின் படிப்புக்காக மெட்ராஸில் இருந்தவள், அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி புருஷனிடம் போய்ச் சேர்ந்திருந்தாள். கடைசி வண்டியைக் கண்ணால் பார்த்தவள். வண்டி பத்தடி பின்வாங்கும். அது விட்ட இடத்துத் தண்டவாளத்தைக் கழற்றி அதே வண்டியில் ஏற்றுவார்கள். மறுபடி பத்தடி. இப்படித் தன் பாதையைத் தானே வாரிக்கொண்டு அது ஜங்ஷன் வரைக்கும் போயிற்று. அம்மாவும் பெண்ணும் மாட்டு வண்டியில் திரும்பினார்கள்.

தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. தண்ணீர் ஊற்றுகிற கிழவருக்குக்கூட வந்தது. மாஸ்டருக்கு மட்டும் வரவில்லை. ஆபீஸில் ஸ்டேஷன் பெயரை முதலில் அடித்துவிட்டு, அப்புறம் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தேடியிருக்கிறார்கள். பெயர் இல்லாத இடத்தில் ஆள் எப்படிக் கிடைப்பான்? சம்பளப் பட்டியல் வேறு ஊரில் தயாராகிற சமாசாரம், அதில் ஆரோக்கியநாதன் பெயர் பத்திரமாக இருந்தது. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

சரி, அந்த மனுஷன் பூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்பீர்கள். ரயில்வேக்காரர்கள் வீட்டில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் வந்து, சாமான்களை எண்ணி வாங்கி, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டால்தான் மாஸ்டர் வாசலைத் தாண்டலாம். அம்மா செத்த சேதி கேட்டு ஒரு பொழுது ஸ்டேஷனை விட்டுப் போன ஒருவரை வேலையிலிருந்து நீக்கியதை ஆரோக்கியநாதன் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அதனால் இரண்டு வருஷமாக, தண்டவாளம் இல்லாத பிளாட்பாரத்தில், வேளைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரம் ஒரு கடிதம் போடுவார். "அன்புள்ள அல்போன்சாவுக்கு, இங்கு சுகம். இன்று வண்டி ஏதும் இல்லை. நேற்றும் இல்லை. கடிகாரம் சரியாக ஓடுகிறது."

"கல்யாணம் வெச்சிருக்கேன் சார்," என்றாள் அல்போன்சா பெஞ்சிலிருந்தபடியே. "ஒரே பொண்ணு. ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. அவர் வராம எப்படி?"

குமாஸ்தா நல்ல மனிதர்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன். அந்த ஸ்டேஷனைத் தொறந்து வெச்ச மாஸ்டரே மைலாப்பூர்ல இருக்கார். சுவாமிநாதன்னு பேர். சித்திரக்குளம் மேற்கால கேளுங்கோ. அவர் யாரையாவது பிடிச்சு, அப்படி ஒரு ஸ்டேஷன் இருந்ததுன்னாவது மேலே சொல்லட்டும்."

அன்று வீட்டுக்கு வந்தால் அங்கே வெரோனிகா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பிரகாசத்தின் அம்மா. பிரகாசமும் ஃப்ளோரன்ஸும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பெரியவர்களிடம்.

"வாங்க சம்பந்தியம்மா. எங்க போய்ட்டு வர்றீங்க, மூஞ்செல்லாம் வாடிக் கெடக்கு?"

"ஆபீஸுக்குத்தான்."

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

வெரோனிகா விசிறியை மடக்கினாள். "நான் மனசுல வெச்சிக்கினு பேசறவ இல்ல. எங்க கோவில் பங்குல நாலு பேரு கேக்கறாங்க. ரயிலே இல்லாத ஸ்டேஷன்ல மாஸ்டருக்கு இன்னா வேலை? அங்க வேற ஏதாச்சும் குடும்பம் கிடும்பம் கீதான்னு..."

"அத்தே!" என்றாள் ஃப்ளோரன்ஸ் சமையலறை வாசலிலிருந்து.

"நான் கேக்கலடி, ஊரு கேக்குது. விபூதிப் புதன் பிப்ரவரி இருபத்திமூணு. அதுக்கப்புறம் தபசு காலம், கல்யாணம் கெடையாது. இருபத்தியொண்ணு திங்கக்கெழம பூசைக்கு சாமியாருக்குச் சொல்லியாச்சு. ஆறாந்தேதி, பதிமூணு, இருபது, மூணு ஞாயிறும் கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிச்சிருவாங்க. பொண்ணு கையப் புடிச்சிக்கினு அப்பன் பீடத்துக்கு வரணும். இந்தத் தடவையும் வரலைன்னா, என்னை மன்னிச்சிக்கங்க, வேற எடம் பாத்துக்கறோம்."

அவள் போன பிறகு ஃப்ளோரன்ஸ் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "மாமா யாராவது கூட்டிக்கிட்டுப் போனா என்னம்மா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு ஒண்ணும் இல்லடி. அந்த ஆளு அங்க வேற குடும்பம் வெச்சிருக்காருன்னு ஊரு பேசும். சாகற வரைக்கும் அது போவாது."

மறுநாள் காலையில், பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற புஷ்பம் கூடையை இறக்கினதும் அதையேதான் கேட்டாள். "இன்னாமா, ஐயா இன்னும் அங்கயேதான் கீறாரா? ரயிலு இல்லாத ஸ்டேசன்ல இன்னா பண்றாரு, கொடிய ஆட்டிக் காக்கா ஓட்றாரா?"

அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததே அசதியாக இருந்தது. வஞ்சிரத்தைக்கூடப் பார்க்காமல் புடவையை மாற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தாள்.

சித்திரக்குளத்துக்கு மேற்கே நாலாவது வீடு. சுவாமிநாதனுக்கு அறுபத்துநாலு வயது, ஒல்லி, காது கூர்மை. ரிடையராகி ஒன்பது வருஷமாகியும் பேச்சுக்கு நடுவில் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர். கூடத்தில் நாற்காலி போட்டார். அவர் மனைவி கோமளம் காப்பி கொண்டுவந்தாள். அவருக்குப் பித்தளை டம்ளர், அல்போன்சாவுக்குக் கண்ணாடி டம்ளர். அல்போன்சா கவனித்தாள். காப்பி நன்றாக இருந்தது, குடித்தாள்.

"ஆவாரங்குளம் ரோடா!" என்றார் சுவாமிநாதன். "அங்க ஆவாரையும் கிடையாது, குளமும் கிடையாது. ஊர் நாலு மைல் தள்ளி. ஏன் அங்க ஸ்டேஷன் வெச்சான் தெரியுமோ? லைன் போட்ட வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல் வந்துடுத்து, அதுக்கு மேல போகலே. எங்க படுத்தானோ அங்க ஸ்டேஷன்."

"அவ்வளவுதான் கதை," என்றாள் கோமளம் உள்ளேயிருந்து. "ஆயிரம் தடவை கேட்டாச்சு."

"நீ கேட்டிருக்கே, இவா கேக்கலையே! கேளுங்கோம்மா. ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டு. முதல் வண்டி வர அன்னிக்கு எஞ்சினுக்கு முன்னாடி நூத்தியெட்டு தேங்காய் ஒடைச்சா. சிதறுகாய் பொறுக்கற கூட்டம் தண்டவாளத்தை விட்டு நகரலே. வண்டி முக்கால் மணி லேட். எங்க ரிஜிஸ்தர்ல முதல் நாளே லேட்டுன்னு எழுத வேண்டியதாப் போச்சு. காரணம், தேங்காய்னு எழுதினேன். அப்புறம் பாருங்கோ, கடலைக்காய் சீசன்ல மூட்டை ஸ்டேஷன் கூரை வரைக்கும் நிக்கும். செவ்வாக்கிழமை மாட்டுச் சந்தை. மாடு ஏத்தற வேகன்லயே மனுஷாளும் ஏறிடுவா. டிக்கெட் கேட்டா, மாட்டுக்கு வாங்கியாச்சே சாமிம்பா."

"நாங்க போனப்ப அந்தக் கூட்டமெல்லாம் இல்லீங்க. முப்பதுல போனோம். அப்பவே பஸ்ஸு வந்துட்டுது."

"பஸ்காரன் ஊருக்குள்ளயே போவான். நாலு மைல் நடந்து நம்மகிட்ட யார் வருவா?" அவர் இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தண்டவாளத்தைப் பிடுங்கினப்போ யாராவது வந்து நின்னாளா?"

"நாலஞ்சு பேரு. ஒருத்தரு கல்லுல உக்காந்துக்கினு கடைசி வரைக்கும் பாத்தாரு."

பிறகு அல்போன்சா வந்த காரியத்தைச் சொன்னாள். ஓலை, தபசு காலம், வெரோனிகா, ஐந்து தடவை ஆபீஸ், எல்லாவற்றையும். சுவாமிநாதன் உதட்டைப் பிதுக்கினார். தனக்குத் தெரிந்த மேலதிகாரிகள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இப்போது இருப்பவர்களுக்குத் தன்னையே தெரியாது என்றார். கிளம்பச் சொல்கிற மாதிரி ஆகிவிடக்கூடாதே என்றோ என்னவோ, மறுபடி பழங்கதைக்குப் போனார்.

"பன்னண்டாம் வருஷம் ஒரு புயல் அடிச்சுது பாருங்கோ. ஸ்டேஷன் கூரை அப்படியே பறந்து போயிடுத்து. ரிஜிஸ்தர், கடியாரம், சாவி, முத்திரை, மணி எல்லாத்தையும் ஒரு கட்டை வண்டியில ஏத்தி, அரை மைல்ல ஒரு ஐயனார் கோவில் மண்டபம், அங்க கொண்டுபோய் வெச்சேன். நாப்பது நாள் அங்கேருந்துதான் வண்டி விட்டேன். டிக்கெட் குத்தினது ஐயனாருக்கு முன்னாடி."

அல்போன்சா கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஸ்டேஷன விட்டுட்டுப் போனீங்களா?"

"விட்டுட்டா? எங்க விட்டேன்? ஸ்டேஷனோடதான் போனேன். கட்டடமா ஸ்டேஷன்? ரிஜிஸ்தர் எங்க இருக்கோ அங்க ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரின்னு எழுதிட்டுப் போனார்."

"அப்ப ஸ்டேஷன தூக்கிக்கினு போவலாம்."

"அதான் போனேனே."

"சாந்தோம் வரைக்கும்?"

கோமளம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் போனது அரை மைல்ம்மா. நீங்க சொல்றது நூத்தம்பது மைல்."

"அரை மைல்னுதான் ரூல்ல போட்டிருக்காங்களா?"

"மைல் போடலே," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "ஆபத்து வந்தா பத்திரமான எடத்துக்குன்னுதான் போட்டிருக்கு."

"பொண்ணு கல்யாணம் நின்னு போறதவிட என்னா ஆபத்து வரணும்?"

"எழுதிக் குடுங்கோன்னா," என்றாள் கோமளம். "ஆயிரம் தடவை சொன்ன கதை ஒருத்தருக்காவது பிரயோஜனப்படட்டும்."

சுவாமிநாதன் பழைய ரயில்வேத் தாளில், புயல், மண்டபம், நாற்பது நாள், இன்ஸ்பெக்டரின் ஒப்புதல் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, "மேற்படி முன்மாதிரியைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். அல்போன்சா அதை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: "ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்."

முதல் ஓலை வாசித்தார்கள். பதில் இல்லை. இரண்டாவது ஓலை வாசித்தார்கள். கோவிலில் வெரோனிகா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதினாலாம் தேதி ஒரு கார்டு வந்தது. "முன்மாதிரி பரிசீலிக்கப்பட்டது. சார்ஜில் உள்ள பொருள்களுடன் நாளை புறப்படுகிறேன்."

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி, குதிரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அல்போன்சாவைப் பார்த்துக் கும்பிட்டார். "இன்னாம்மா இது, சாரு ஸ்டேசனையே பேத்து எட்த்துகினு வந்துட்டாரா? என் குதிரைக்கு இடுப்பு வுட்டுப்போச்சு."

"ஆமாம்," என்று ஆரோக்கியநாதன் வண்டிக்குள்ளிருந்து பதில் சொன்னார். கிண்டல் அவருக்குப் புரியவில்லை.

பாதி ஆளாகியிருந்தார். கோட்டின் தோள் கீழே தொங்கியது. தண்டவாளம் இருந்த பாதையிலேயே முப்பது மைல் கட்டை வண்டியில் வந்து ஜங்ஷனைப் பிடித்தாராம். இரண்டு ரிஜிஸ்தர் பெட்டி, கம்பளியில் சுற்றின சுவர்க் கடிகாரம், வெண்கல மணி, பச்சை சிவப்புக் கொடிகள், இரண்டு கைவிளக்கு, டிக்கெட்டில் தேதி குத்துகிற மெஷின், சாவிக்கொத்து. எடை மெஷினைத் தூக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். ஃப்ளோரன்ஸ் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். இன்னொரு கை கடிகாரத்தை விடவில்லை.

அல்போன்சாவுக்கு இரண்டு வருஷ பாரம் இறங்கினது போலிருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான்.

முன்னறையில் ஃப்ளோரன்ஸ் நோட்டுத் திருத்துகிற மேஜையைச் சுவரோடு போட்டு, கடிகாரத்தை மேலே மாட்டி, ரிஜிஸ்தரை விரித்துக்கொண்டு ஆரோக்கியநாதன் உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கே. படுக்கை அங்கே. சனிக்கிழமை முழுவதும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை.

"கெளம்புங்க, பூசைக்கு நேரமாச்சு."

"நீங்க போய்ட்டு வாங்க. ஸ்டேஷன விட்டுட்டு எப்படி வர்றது?"

அல்போன்சா நின்ற இடத்தில் நின்றாள். "இங்கேர்ந்து கோவில் கூப்பிடு தூரம்."

"தூரம் கணக்கில்ல அல்போன்சா. ஸ்டேஷன் எங்க கீதோ மாஸ்டர் அங்க. ரிலீவர் வரட்டும்."

"அப்ப நாளைக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாளையை நினைத்து அவரும் தூங்கவில்லை என்று கண் சொல்லிற்று.

அன்று மத்தியானமே சேதி கேட்டு சுவாமிநாதன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஆரோக்கியநாதன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். இரண்டு பேரும் பழைய ரிஜிஸ்தரின் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். "காரணம்: தேங்காய்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்த வரியைத் தடவிப் பார்த்துப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எழுது. நான் சார்ஜ் எடுத்துக்கறேன். நீ பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டு வா."

"நீங்க பதினாலாம் வருஷமே சார்ஜ் குடுத்துட்டீங்க சார். இதோ கையெழுத்து. திரும்பவும் எடுத்துக்க ஆர்டர் வேணும்."

"நான் சொல்றேன்டா!"

"நீங்க ரிடையரானவரு சார்."

சுவாமிநாதன் அல்போன்சாவைப் பார்த்தார். "எங்கிட்ட வேலை பார்த்திருந்தா இவனைத் தலைமேல வெச்சிண்டு கூத்தாடியிருப்பேன். இப்போ எங்க சித்திரக்குளத்துல தள்ளலாம் போல இருக்கு."

திங்கட்கிழமை விடிந்தது. பூசை ஏழரைக்கு. ஃப்ளோரன்ஸ் வெள்ளைப் புடவையும் முக்காட்டு வலையுமாக உள்ளறையில் தயாராக இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை இன்னும் அலைக்கழிக்க அவளுக்கு மனசில்லை. ஆரோக்கியநாதன் குளித்து, கோட்டுப் போட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம் ஏழு ஆகப் பத்து நிமிஷம் காட்டியது.

அல்போன்சா சத்தம் போடவில்லை. ரிஜிஸ்தர் பெட்டியின்மேல், பட்டுப் புடவை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு முடியலீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"உங்க மேல கோவமில்ல. நடந்து நடந்து எனக்கு முடியல. அந்த ரிஜிஸ்தரக் குடுங்க. முப்பத்தியாறாம் வருஷத்தது."

எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அவள் புரட்டினாள். ஆகஸ்டு மாசம். விஷக் காய்ச்சலில் அவர் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தபோது, ஜங்ஷனிலிருந்து ஆள் வருவதற்குள் மூன்று நாள் இரண்டு வேளை வண்டியையும் வரவேற்று அனுப்பினது யார்? பாயின்ட்ஸ்மேன் கைகாட்டியை இறக்க, இவள் டிக்கெட் கொடுத்து, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டாள். "அல்போன்சா, மாஸ்டருக்காக." கீழே இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் "சரி" என்று எழுதியிருந்தார்.

"இத ரத்து பண்ணி யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

ஆரோக்கியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அடுத்த பக்கத்தைப் படித்தார். முன் பக்கத்தையும் படித்தார். "இல்ல."

"அப்ப எங்கிட்ட குடுக்கலாம்."

"குடுக்கலாம்," என்றார் அவர் யோசித்து. "ஆனா நீ இங்க உக்காரணுமே. பொண்ணு கல்யாணத்த நீ பாக்க வேணாமா?"

"முதல்ல குடுங்க."

அவர் எழுந்தார். சட்டப்படி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"கடியாரம், ஒண்ணு."

"வாங்கிக்கினேன்."

"மணி, ஒண்ணு."

"வாங்கிக்கினேன்."

"கொடி, பச்ச ஒண்ணு, செவப்பு ஒண்ணு. எடை மெஷின்... அங்க கீது."

"அங்க கீதுன்னு எழுதிக்கங்க."

சாவிக்கொத்தைக் கடைசியில், ஒவ்வொரு சாவியாக எண்ணிக் கொடுத்தார். கொடுத்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டார். பெற்றேன் என்று அவள் போட்டாள். உள்ளறைக் கதவோரம் ஃப்ளோரன்ஸ் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர் யாரு?" என்றாள் அல்போன்சா.

"நீதான்."

அவள் பேனாவைத் திரும்ப மையில் தோய்த்து, அடுத்த வரியில் நிதானமாக எழுதினாள். 21-2-1944, காலை ஏழு மணி. வண்டி இல்லை. தண்டவாளம் இல்லை. ஸ்டேஷன் மூடப்பட்டது. அல்போன்சா.

ஆரோக்கியநாதன் அந்த வரியைத் தலைகீழாகவே படித்துவிட்டார். "அதுக்கு ஆர்டர் வேணும்."

"யாருகிட்டேர்ந்து? அந்த ஆபீஸ்ல நம்ம ஸ்டேஷன் பேரே இல்ல. அஞ்சு தடவை பாத்துட்டேன். ரெண்டு வருஷமா எல்லாருக்கும் மூடிப்போச்சு. உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தொறந்திருந்துது."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். மாஸ்டர் நாற்காலியில் இப்போது உட்காரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"யுத்தம் முடிஞ்சப்புறம் லைன் திரும்பி வந்துதுன்னா?" என்றார். "யாராவது ஒருத்தர் அங்க இருக்கணுமில்ல?" இரண்டு வருஷத்தில் அவர் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

"வந்தா தொறந்துக்கலாங்க. இப்ப நான் மாஸ்டர் சொல்றேன். எழுந்திரிங்க."

பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அல்போன்சா முன்னால் நடந்தாள். பின்னால் அப்பாவும் பெண்ணும். கோவில் வாசலில் கூட்டம் விலகிற்று. வெரோனிகா ஆரோக்கியநாதனை மேலும் கீழும் பார்த்தாள். தொங்குகிற கோட்டு, ஒட்டிப்போன கன்னம்.

"இன்னா அண்ணே, எலும்பும் தோலுமா வந்து நிக்கறீங்க? அங்க சோறு போட ஒருத்தர்கூட இல்லியா?"

"இல்லம்மா. நான் ஒருத்தன்தான்," என்றார் அவர்.

வெரோனிகாவுக்கு அது போதும். ஃப்ளோரன்ஸின் கையை எடுத்து அவர் கையில் சரியாக வைத்தவளே அவள்தான். பாட்டு ஆரம்பித்தது. அப்பாவும் பெண்ணும் நடு வழியில் நடந்து போனார்கள். அல்போன்சா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. ஆண்டவர் தப்பாக நினைக்க மாட்டார் என்று பட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரம் ஆரோக்கியநாதன் அவளோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவரே எல்லாவற்றையும் விவரமாக எழுதி, ரிஜிஸ்தரோடு ஆபீஸுக்கு அனுப்பினார். மே மாசம் வேறொரு ஸ்டேஷனுக்கு ஆர்டர் வந்தது. உண்மையாகவே ரயில் வருகிற ஸ்டேஷன். அடுத்த வருஷம், ஒரு மத்தியான நேரத்தில், இன்னொரு கடிதம் வந்தது. "ஆவாரங்குளம் ரோடு ஸ்டேஷனை மூடியதாகக் கையெழுத்திட்டுள்ள திருமதி அல்போன்சா என்பவர் யார், எந்த கிரேடு, எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதைத் தெரிவிக்கவும்."

லீவில் வந்திருந்த ஆரோக்கியநாதன் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அல்போன்சா பாய் போட்டுப் படுத்திருந்தாள்.

"பதில் எழுதணும் அல்போன்சா. என்னா கிரேடுன்னு போடட்டும்?"

"எந்திரிச்சி சொல்றேன்," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் யுத்தத்தில் தண்டவாளம் பிடுங்கின ஸ்டேஷன் ஒன்று இல்லாமல் இருக்காது. அதைக் கடைசியில் யார் பூட்டினார்கள், பூட்டிவிட்டு எங்கே போனார்கள்? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, கொஞ்சம் சிரமம் பார்க்காமல், எனக்கு எழுதிப் போடுங்கள்.